அடுப்புக்குப் பின்னால் பூத்த உப்பு

டைல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

பதுளையில் உங்கள் பயிற்சி வகுப்பு முடிந்த அன்று என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும், “எல்லாரும் கவனமா செய்யுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கை தட்டினீர்கள். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. காலமெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவனுக்கு எதிரில் அத்தனை முகங்கள் இருந்தால் வாய் வராது. அதனால் அன்றைக்குச் சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன். முழங்கால் மடங்க மறுத்து வேலையை விட்ட பிறகு எழுத நேரமும் இருக்கிறது.

கலவை எப்படிப் போடுவது, மட்டம் எப்படிப் பார்ப்பது, மூலையில் எப்படி வெட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தந்துவிட்டார்கள். நான் எழுதப்போவது ஒரே ஒரு சுவரைப் பற்றி.

வசதியான வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் ஆகச் சின்ன வேலை. ஒரு கட்டிலை நிமிர்த்தி வைத்த அளவுகூட இருக்காது. ஆனால் வீட்டுக்கார அம்மாவின் கண் முழுவதும் அதில்தான் இருக்கும். குளியலறையில் ஒரு டைல் கோணலாக இருந்தால் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாது. அடுப்புக்குப் பின்னால் கோணலாக இருந்தால் முதல் நாள் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் தெரிந்துவிடும். வரும் விருந்தாளியும் முதலில் அதைத்தான் கையால் தடவிப் பார்ப்பார். ஏன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் தடவாதவரை நான் பார்த்ததில்லை.

நான் சொல்லும் வீடு, பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகும் ரோட்டுக்கு மேலே, ஒரு மேட்டில் இருக்கிறது. வீட்டுக்காரர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். பசறையில் பெரிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலையும் உண்டு. அந்தப் பக்கத்தில் எல்லோரும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

வீட்டில் இரண்டு குசினி. முன்னால் இருப்பது பென்ட்ரி. கபட், கேஸ் அடுப்பு, புகையை இழுக்கும் மெஷின் எல்லாம் அங்கே. பின்னால் விறகு அடுப்போடு இன்னொன்று.

“ஒன்னு பாக்கிறதுக்கு, ஒன்னு ஆக்கிறதுக்கு பாஸ்” என்றார் முதலாளி, வீட்டைக் காட்டிய அன்று. எங்கள் பக்கம் மேசன் வேலை, டைல் வேலை செய்கிறவர்களை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். டைலுக்கு ‘மாபிள்’ என்பார்கள்.

அவருடைய சம்சாரம் கேஸ் அடுப்புக்குப் பின்னால் ஒட்டுவதற்கு வெளிநாட்டு டைல் எடுப்பித்திருந்தார். கையால் செய்தது. உள்ளங்கை அளவு, பச்சை நிறம். ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஒன்று மழையில் நனைந்த இலை மாதிரி, பக்கத்தில் இருப்பது வெயில் பட்ட இலை மாதிரி. இப்படிப்பட்ட டைலுக்கு இடையில் விடும் இடுக்கு மிக மெல்லியது. அந்த இடுக்கை அடைக்கும் கிரவுட் வேலைதான் சுவருக்கு அழகைக் கொடுக்கும், அல்லது கெடுக்கும்.

அந்த வேலையை நான் சரோஜாவிடம் கொடுத்திருந்தேன். சரோஜா லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். நாங்கள் வேலை செய்த ஒரு ஹோட்டலில், வேலை முடிந்த பிறகு கூட்டித் துடைக்க வந்தாள். துடைத்துக்கொண்டே என் கையைப் பார்த்திருக்கிறாள். ஒருநாள் வந்து, “அண்ணே, அந்த இடுக்கு அடைக்கிற வேலையை நான் ஒருக்கா செஞ்சு பாக்கவா?” என்று கேட்டாள். செய்து பார்த்தாள். நான் செய்ததையும் அவள் செய்ததையும் எட்ட நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. கிட்டே வந்து பார்த்தால் அவளுடையது கொஞ்சம் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு என்னோடுதான் வேலை. முதலாளியின் வீடுதான் அவளுக்கு முதல் பெரிய வீடு.

முதலாளியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

“என்ன பாஸ், பொம்பளைய கூட்டிட்டு வந்திருக்கீங்க? இது கொழுந்து பறிக்கிற வேலையா?”

 சரோஜாவே சொன்னாள்: “இல்லங்கம்மா. கொழுந்துன்னா பறிச்ச எடத்துல மறுபடி வளந்துரும். இது வளராதில்லையா, அதனால பாத்துதான் செய்வேன்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சரோஜா ஸ்பொஞ்சைப் பிழியும் ஒவ்வொரு தடவையும் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சுவர் முடிந்தது. அழகாகவே முடிந்தது. நாங்கள் மேல்மாடிக் குளியலறைக்குப் போய்விட்டோம். வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோக நாள் குறித்தாகிவிட்டது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

ஒருநாள் காலையில் கீழே இருந்து சத்தம். இறங்கி வந்தால், அடுப்புக்குப் பின்னால் இடுக்கெல்லாம் வெள்ளை பூத்து நிற்கிறது. பச்சை டைலைச் சுற்றி நரைத்த மீசை மாதிரி. துடைத்தேன், போய்விட்டது. அடுத்த நாள் திரும்பவும் வந்தது. மறுபடி துடைத்தோம், மறுபடி வந்தது.

“தண்ணிய அள்ளி ஊத்திக் கலக்கியிருக்கா. அதான்” என்றார் முதலாளியம்மா. “நான் அன்னைக்கே சொன்னேன்.”

அவர் சொன்னது வாய்க்கு வந்த பேச்சில்லை. கிரவுட்டில் தண்ணீர் கூடினால் வெள்ளை பூக்கும். அது உங்களுக்கும் தெரியும். கடையில் யாரோ சொல்லி அவரும் தெரிந்து வைத்திருந்தார். அப்படிப் பார்த்தால் குற்றம் சரோஜாவின் கையில்தான்.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், சத்தம் போட்டுப் பேசமாட்டார்.

“பாஸ், நாள் கிட்ட வந்துருச்சு. அந்தப் பொம்பளைய அனுப்பிருங்க. இடுக்கை நோண்டி எடுத்துட்டு நீங்களே புதுசா அடிச்சிருங்க. வேற பேச்சு வேணாம்.”

இதில் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் சொன்னபடி செய்திருந்தால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. புதுக் கிரவுட் கொஞ்ச நாளைக்குப் பூக்காமல் இருக்கும். விசேஷம் நல்லபடி முடியும். திரும்பப் பூக்கும்போது நான் வேறு ஊரில், வேறு வீட்டில் இருப்பேன். ஆனால் சரோஜாவின் கதை அதோடு முடிந்துவிடும். பசறையிலும் லுணுகலையிலும் அந்தக் கடைக்குப் போகாத ஆள் இல்லை. ‘அவ கை பட்ட செவரு வெளுத்துப் போச்சு’ என்று அந்தக் கடையிலிருந்து ஒரு வார்த்தை கிளம்பினால், பிறகு யாரும் அவளைக் குசினிக்குள் விடமாட்டார்கள்.

அவளுக்கும் அது தெரிந்திருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: “அண்ணே, இங்கேருந்து போனா நேரா காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுலதான் போய் நிக்கணும். கங்காணி என்ன சொல்லுவாரு தெரியுமா? ‘வாங்க மாபிள் அம்மா, கூடையத் தூக்குங்க’ன்னுவாரு. தூக்கிருவேன். ஆனா நான் தண்ணி கூட ஊத்தல. அதை யாராவது ஒருத்தர் நம்பணும்.”

“நான் நம்புறேன்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அப்போது தெரியவில்லை என்பதுதான் உண்மை. நம்புவது வேறு, தெரிந்துகொள்வது வேறு. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“ரெண்டு நாள் பொறுங்க முதலாளி. பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன். அவரும் சரி என்றார்.

அன்றைக்கு நான் செய்ததெல்லாம், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அந்தச் சுவருக்கு எதிரில் உட்கார்ந்ததுதான். நீங்களும் அப்படி உட்காரப் பழக வேண்டும். அவசரமான நேரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது ஆகக் கஷ்டமான வேலை. போகிற வருகிற ஆளெல்லாம் சோம்பேறி என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

முதலில் கண்ணில் பட்டது ஜன்னல் பக்கத்துச் சுவர். அங்கேயும் அதே பச்சை டைல்தான். அதே நாளில், அதே வாளியில் கலக்கிய கிரவுட்டை அதே கையால் அடைத்திருந்தாள். அங்கே ஒரு பொட்டு வெள்ளை இல்லை. கையில் தப்பு இருந்தால் இரண்டு சுவரிலும் இருக்க வேண்டுமே?

சரி, கை இல்லை என்றால் தண்ணீர்க் குழாய். சுவருக்குள் எங்கோ ஒழுகுகிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் தண்ணீரைப் பூட்டிவிட்டுப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. பிறகு பிளானைக் கேட்டால், அந்தச் சுவரில் குழாயே ஓடவில்லை. பூட்டுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியது. வேலையாட்கள் எல்லோரும் கை கால் கழுவாமல் இருந்ததுதான் மிச்சம்.

அடுத்து ஒரு புதினமான விஷயம் கண்டேன். மறுநாள் பனி இறங்கியிருந்த காலையில் அந்த இடுக்குகள் வெள்ளையாக இருக்கவில்லை. கறுத்து, ஈரமாக, தொட்டால் விரலில் ஒட்டியது. வெயில் வந்து ஜன்னல் வழியாக அடித்தபோது ஈரம் காய்ந்து வெள்ளை பூத்தது. மத்தியானம் மழை மூட்டம் போட்டதும் திரும்பக் கறுத்தது. சுவர் வானத்தைப் பார்த்து நிறம் மாறிக்கொண்டிருந்தது. அதுவும் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு மட்டம் வரைக்கும்தான். அதற்கு மேலே, புகை மெஷினை ஒட்டின இடத்தில் ஒன்றுமில்லை. யாரோ கோடு போட்டு நிறுத்தியது மாதிரி.

காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்வது எது? உப்பு. மழைக்காலத்தில் உப்புப் போத்தல் கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளையை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். நீங்கள் இதைச் செய்யவேண்டாம். சீமெந்திலிருந்து வரும் பூப்பு நாக்கில் வெறும் மா மாதிரி இருக்கும், ருசி இருக்காது. இதில் உப்பு இருந்தது, ஒரு கசப்பு இருந்தது, பிறகு நாக்கு சில்லென்று குளிர்ந்தது. கடல் மணலோ என்று நினைத்தேன். ஆனால் இந்த மலைக்குக் கடல் மணல் எங்கேயிருந்து வரும்? சந்தேகத்துக்கு இன்னொரு தடவை விரலை வைத்தேன். போதாமல் முகத்தைச் சுவரோடு ஒட்டினேன்.

“என்ன பாஸ், செவத்த நக்குறீங்களா?”

பின்னால் முதலாளியம்மா. எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது.

“ருசி பாக்கிறேன்ம்மா” என்றேன். அதற்கு மேல் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

“சாப்பாடு ரெடி. அதைச் சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் என்னைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சரோஜாவும் சிரித்தாள். அந்த வெள்ளை பூத்த பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டைல் ஒட்டுவதற்கு முன்னால் சுவரைப் பூசியவன் கொழும்புக்கு வேலைக்குப் போயிருந்தான். அவனுக்குப் போன் போட்டேன்.

“அந்த அடுப்புச் செவரா? ஐயோ அண்ணே, அதை மறக்க மாட்டேன். கலவையில தண்ணி ஊத்துனதும் கண்ணு எரிஞ்சுச்சு, மூக்குல தண்ணி கொட்டுச்சு. சீமெந்து பழசாக்கும்னு நெனச்சேன்.”

“முழுச் செவருக்கும் அப்படியா?”

“இல்லண்ணே. கீழ் பாதிக்குத்தான். மேல பூசறப்போ ரோடு சரியாயிருச்சு, வேற மணல் வந்துருச்சு. மேல் பாதியும் ஜன்னல் செவரும் அதுலதான் பூசுனேன்.”

ரோடு சரியாகிவிட்டது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. ஆனால் எனக்கு வேண்டியது கிடைத்தது. பிரச்சினை டைலுக்கு முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு டைலைக் கழற்ற வேண்டும். மிச்சம் இருந்த டைல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உடைந்தால் திரும்ப வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

“கழட்டி, உள்ள ஒன்னுமில்லன்னா?” என்றார்.

“ஒன்னுமில்லன்னா சரோஜா போறப்போ நானும் போயிர்றேன் முதலாளி. பால் காய்ச்சுறதுக்கு முன்னாடி வேற பாஸைக் கூப்பிட்டுக்குங்க.”

இதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. 

எந்த டைலைக் கழற்றுவது? கீழே, மூலையில், கபட்டுக்குப் பக்கத்தில் ஒன்றைக் கழற்றினால் யாருக்கும் தெரியாது. எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் மறைவான மூலையைத் திறந்தால் அந்த மூலையின் கதைதான் தெரியும். ஆக மோசமாகப் பூத்தது நட்டநடுவில், கண்ணுக்கு நேரே. அதைத்தான் கழற்றினேன். இடுக்கைச் சுற்றி அறுத்து, மெல்லிய தகட்டை உள்ளே விட்டதும், டைல் முழுசாகக் கையில் வந்தது. அப்படி வரக் கூடாது. நான் ஒட்டிய டைல் அவ்வளவு லேசாக வராது. பின்னால் பூச்சு ஈரத்தில் ஊறிப் போயிருந்தது.

பூச்சைக் கொஞ்சம் சுரண்டி ஒரு பால்மா டின்னில் போட்டேன். சுடுதண்ணீர் ஊற்றி மூடினேன். முதலாளியும் அம்மாவும் பக்கத்தில் நின்றார்கள். சரோஜா பின்குசினிக் கதவோரம் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்தேன்.

கண்ணில் அடித்தது. நான் இருமினேன். முதலாளி முகத்தைத் திருப்பினார். முதலாளியம்மா மட்டும் நகரவில்லை. குனிந்து இன்னொரு தடவை மோந்து பார்த்தார்.

“இது உர ஸ்டோர் வாடை” என்றார்.

“சும்மா இரு” என்றார் முதலாளி.

“என்ன சும்மா இருக்கிறது? கல்யாணத்துக்கு முந்தி எங்கப்பாவோட உரம் போடப் போனவ நான். மழை நாள்ல உர ஸ்டோர் கதவைத் திறந்தா இதே வாடைதான் மூஞ்சில அடிக்கும். செவத்துக்குள்ள உரம் எப்படி வந்துச்சு?”

முதலாளி சுவரைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக ஞாபகம் வருவது எங்களுக்குத் தெரிந்தது.

“அப்ப ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சுல்ல?” என்றார் மெதுவாக. “லொறி மேல ஏறல. மணலைக் கீழயே கொட்டிட்டுப் போயிட்டான். ஆளுங்க தூக்கிட்டு வர என்னத்துல கொண்டாரதுன்னு கேட்டாங்க. பின்னால உர பேக்கு கெடக்கு, அதுல அள்ளுங்கடான்னு சொன்னேன். கொஞ்ச நாளு அது மழையிலயே நின்னுச்சு…”

தங்கைமாரே, தம்பிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நம் பக்கத்தில் உர பேக் இல்லாத வீடு எது? லயத்தில் மழை ஒழுகினால் கூரைக்கு அது. தரையில் விரிக்க அது. காற்று வரும் ஜன்னலுக்குப் படுதா அது. விறகு கட்ட, அரிசி கொண்டுவர, ஊருக்குப் போகும்போது துணி வைக்க, எல்லாம் அதுதான். அந்த வீட்டுப் பின்குசினி வாசலில் ஒரு உர பேக் விரித்திருந்தார்கள். ஒவ்வொரு காலையும் அதில் காலைத் துடைத்துவிட்டுத்தான் நான் அந்தச் சுவரைப் பார்க்கப் போனேன். வெளியூர் ஆள் யாராவது இருந்திருந்தால் ‘இதில் என்ன இருந்தது?’ என்று கேட்டிருப்பார். நமக்குக் கேட்கத் தோன்றாது. நாம் கழுவாத பேக்கில் மணல் அள்ளுவோம். தையலில் தங்கிய உரம் மழைத் தண்ணீரில் கரைந்து மணலோடு சேரும். சீமெந்து பட்டதும் அது கண்ணை எரிக்கும். அப்போதும் சீமெந்தைத்தான் குறை சொல்வோம். பழகிப்போன பொருள்தான் ஆகக் கடைசியாகக் கண்ணில் படும். ஒரு வேலையில் காரணம் அகப்படவில்லை என்றால், அங்கே புதிதாக என்ன வந்தது என்று மட்டும் தேடாதீர்கள். எப்போதும் இருப்பது என்ன என்றும் பாருங்கள்.

முதலாளியம்மா கதவுப் பக்கம் திரும்பினார்.

“நீயும் தோட்டத்துக்காரிதானே. ஒனக்கு வாடை தெரியலயா?”

“தெரிஞ்சுதுங்கம்மா” என்றாள் சரோஜா. “டைலைக் கழட்டுனப்பவே தெரிஞ்சுது.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நான் சொன்னா தப்பிக்கப் பாக்கிறான்னுதானே நெனப்பீங்க. நீங்களே மோந்து பாக்கணும்னு நின்னேன்.”

அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான நெருக்கடி. உப்பு ஏறிய பூச்சைக் கழுவ முடியாது. டைல் முழுவதையும் கழற்றி, பூச்சைச் செங்கல் வரைக்கும் கொத்தி எடுத்து, காயவிட்டு, நல்ல மணலில் பூசி, அதையும் காயவிட்டு, அப்புறம்தான் ஒட்டலாம். பால் காய்ச்சுகிற நாளுக்குள் முடியவே முடியாது.

“ஏதாவது ஸ்டிக்கர் ஷீட்டை ஒட்டி மறைச்சிருவோம் பாஸ்” என்றார் முதலாளி. “இவ்வளவு செலவு பண்ணி வீட்டைக் கட்டிட்டு, சனம் வர்ற அன்னைக்குச் செங்கல்லைக் காட்டவா முடியும்?”

இந்த இடத்தில் உங்களில் பலர் தலையாட்டிவிடுவீர்கள். வீட்டுக்காரர் கேட்கிறார், நமக்கென்ன என்று தோன்றும். ஆனால் காய வேண்டிய சுவரை மூடினால் அது காயாது. “முடியாது முதலாளி. அது மூச்சு விடணும்” என்றேன். அவர் முகம் சுருங்கியது. யார் முடிவெடுத்தது என்றால், அம்மாதான்.

“செங்கல்லு தெரிஞ்சா தெரியட்டும். நாம பொறந்த வீட்டுச் செவருக்குப் பூச்சே இருக்கல” என்றார். பிறகு, “சரோஜா, ஒரு டைலும் ஒடையாம கழட்டுவியா?”

“ஒன்னு ரெண்டு ஒடையும்மா. ஒடையாதுன்னு சொன்னா பொய்.”

“சரி, கழட்டு.”

அவள் கழற்றினாள். நான் கொத்தினேன். கழற்றிய டைலையெல்லாம் வாளியில் ஊறப்போட்டு, பின்னால் ஒட்டியிருந்ததைச் சுரண்டி, துணியில் வரிசையாகக் காயவைத்தாள். சொன்னபடியே சில உடைந்தன. மிச்சம் வைத்திருந்தது அதற்குப் போதுமாக இருந்தது.

ஆனால் வெள்ளை பூத்த புதிதில் முதலாளியம்மா கடையில் வாய்விட்டுச் சொன்ன வார்த்தை அதற்குள் ஊரைச் சுற்றிவிட்டது. அதை யாரும் கழற்ற முடியாது.

பால் காய்ச்சுகிற நாள் காலையில் எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். சரோஜா நல்ல சேலை உடுத்தி வந்திருந்தாள். ஆனால் பென்ட்ரிக்குள் வரவில்லை. பின்குசினிப் பெண்களோடு நின்றுகொண்டாள். பளபளவென்று கபட், புது அடுப்பு, புதுப் பானை. அதற்குப் பின்னால் சிவப்பாக, கொத்திய தழும்போடு வெறும் செங்கல். வந்த சனமெல்லாம் பானையைப் பார்க்கவில்லை, செங்கல்லைத்தான் பார்த்தார்கள். தடவிப் பார்க்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்கள்.

ஒரு மாமி சத்தமாகவே கேட்டார். “என்னா, செவத்த முடிக்காமலே பால் காய்ச்சுறீங்க? மாபிள் வேலைக்கு வந்த பொம்பளை கெடுத்துட்டாளாமே, நெசமா?”

 கதவு வழியாகச் சரோஜாவின் சேலைத் தலைப்பு மட்டும் எனக்குத் தெரிந்தது. அது அசையவில்லை. நான் பேச வேண்டும் என்று நினைத்தேன். இத்தனை முகங்கள். வாய் வரவில்லை. முதலாளியம்மாவும் அந்த வார்த்தை எங்கே கிளம்பியது என்று தெரிந்த மாதிரி கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி தொண்டையைச் செருமினார்.

“அந்தப் பொம்பளை ஒன்னும் கெடுக்கல மாமி. கெடுத்தது நான். உர பேக்குல மணல் அள்ளிக் கொண்டாரச் சொன்னேன். உரம் செவத்துக்குள்ள போயிருச்சு. பாஸும் சரோஜாவும்தான் கண்டுபிடிச்சாங்க. இல்லாட்டி இனி கட்டுறதுலயும் நான் அதே வேலையைத்தான் செஞ்சிருப்பேன்.”

பசறையில் கடை வைத்திருக்கிறவர், சொந்தக்காரர் எல்லோரும் நிற்கிற இடத்தில் அப்படிச் சொன்னார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றதில் பானையை மறந்துபோனோம். பால் பொங்கி வழிந்து, அடுப்பெல்லாம் ஓடி, தீயே அணைந்துவிட்டது.

“ஐயையோ, பால், பால்!” என்று அம்மா கத்தினார். மாமி குலவை போட மறந்து, பிறகு அவசர அவசரமாகப் போட்டார்.

அந்தக் குழப்பத்துக்குள் முதலாளியின் தங்கை புருஷன், லுணுகலையில் வீடு கட்டியவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“மச்சான், உர பேக்குலயா சொன்னீங்க? நாங்க வீடு முழுக்க அதுலதானே தூக்குனோம்!”

பக்கத்தில் அவருடைய சம்சாரத்தின் கை கன்னத்துக்குப் போனது.

“அப்ப சாமிப் படம் மாட்டியிருக்கிற செவரு எந்நேரமும் வேர்த்துக்கிட்டு நிக்குதே, அது இதுதானா? நான் சாமிக் குத்தம்னு வெள்ளிக்கு வெள்ளி வெளக்கு ஏத்திக்கிட்டு இருக்கேன்!”

சிரிப்பு வெடித்தது. யாரோ தன் குளியலறையைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர், மருமகன் கட்டிய மதிலைப் பற்றிச் சொன்னார். ஆளாளுக்கு ஒரு சுவர் இருந்தது. தங்கை புருஷன் என் பக்கம் திரும்பி, “பாஸ், நீங்க ஒருக்கா வந்து பாப்பீங்களா?” என்றார்.

நான் பின்குசினிப் பக்கம் கையைக் காட்டினேன். “அவங்களைக் கூப்பிடுங்க. என் மூக்கு சீமெந்துத் தூள்ல போயிருச்சு.”

முதலாளியம்மா போய்ச் சரோஜாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். கூட்டி வந்து அந்தச் செங்கல் சுவருக்கு முன்னால் நிறுத்தினார், அவ்வளவுதான்.

“தங்கச்சி, எங்க வீட்டுச் செவத்தைக் கொஞ்சம் வந்து மோந்து பாக்கிறியா?” என்று முதலாளியின் தங்கை கேட்டாள்.

“வர்றேன்க்கா” என்றாள் சரோஜா. “ஆனா மோந்து பாத்துட்டு மட்டும் போயிர மாட்டேன். ஒடைக்கிறதுலேருந்து ஒட்டுற வரைக்கும் என் வேலைதான், அதை இப்பவே பேசிக்குவோம். சாமிப் படத்தை மட்டும் நான் வர்றதுக்கு முந்தி நீங்களே எடுத்து வச்சிருங்க.”